முதல் தண்ணீர் கன்றுக்கு

இந்த வாரம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆழ்வார்திருநகரியிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தவை. சாலையோரம் புதிதாக நட்ட மரக்கன்றுகளின் காலடியில் வேலிச்செடி வைக்கலாமா என்பதைச் சுற்றியே எல்லாம் வருகின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் கன்றுகளுக்கே கொடுத்துவிட்டேன்.

இல்லத்தரசி, ஆழ்வார்திருநகரி

கே: எங்கள் தெருவில் போன மழைக்கு வேம்பும் புங்கையும் வைத்தார்கள். அடியில் வெறும் மண்ணாகக் கிடப்பது பார்க்க நன்றாக இல்லை. சுற்றிலும் வேலிச்செடி வைத்து அழகாக்கலாமா அண்ணாச்சி?

ப: இப்போது வேண்டாம் அம்மா. ஒரு மீட்டர் அகலமுள்ள வட்டப்பாத்தியைச் சுற்றி அடிக்கு ஒரு செடி வைத்தால் பத்துச் செடி ஆகிறது. ஒரு கன்றுக்குப் பத்துப் பங்காளி! நாற்றுப்பையிலிருந்து இறக்கிவைத்த கன்றின் வேர் முதல் வருஷத்தில் அந்தக் குழியை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. வேலிச்செடியோ நட்ட சில மாதங்களிலேயே மேல்மண் முழுவதும் வேர் விட்டுவிடும். நீங்கள் ஊற்றும் குடம் தண்ணீரை மேலேயே அது குடித்துவிடும். கீழே கன்று தவித்துக்கொண்டிருக்கும். கோடையில் வேலி பச்சையாக நிற்கும், மரம் வாடும். தெருவில் போகிறவர்கள் பச்சையைப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று நடந்துவிடுவார்கள். எனக்கு இதில்தான் மனசு வலிக்கிறது.

மூன்று மழைக்காலம் பொறுங்கள். அதுவரை பாத்தியில் கன்று மட்டும் இருக்கட்டும். புல்லைக்கூடக் கையால் பிடுங்கிவிடுங்கள். மண்வெட்டி போட்டுக் கொத்தினால் மேலாக ஓடும் இளம் வேர் அறுபடும்.

வாழை விவசாயி, தென்திருப்பேரை

கே: வெறும் மண் வெயிலில் காய்ந்து வெடிக்கிறதே, அதற்கு என்ன வழி?

ப: உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது வழி. வாழைச் சருகு, நறுக்கிய வாழைத்தண்டு, தேங்காய்க் கதம்பை எல்லாம் மூடாக்குக்கு அருமையானவை. நான்கு விரல் கனத்துக்குப் பாத்தி முழுக்கப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்; ஈரச் சருகு பட்டையோடு ஒட்டிக் கிடந்தால் அடிப்பட்டை அழுகும், கறையான் ஏறும். கதம்பையைக் கவிழ்த்து அடுக்கினால் தெருக்கூட்டும் விளக்குமாற்றுக்கு அவ்வளவு சுலபத்தில் போகாது.

மண்ணை மூடிவை என்று ஊர் ஊராகச் சொல்லிப்போனவர் இயற்கை விவசாயி கோ. நம்மாழ்வார். நம் ஊர் ஆழ்வாரின் பெயரைத் தாங்கியவர். 1960-களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர், அதை விட்டு வெளியே வந்து உழவர்களிடம் போனார். 2013 டிசம்பரில் மறையும் வரை அவர் சொல்லிவந்த மூடாக்கைத் தெருமரத்துக்கும் நாம் கொண்டுவரலாம். செலவு கிடையாது. வேலிச்செடி செய்யும் என்று நீங்கள் நினைக்கிற முக்கால்வாசி வேலையை, தண்ணீரில் பங்கு கேட்காமல் இது செய்துவிடும்.

ஆடு வளர்ப்பவர், குரும்பூர்

கே: வேலி வைக்காவிட்டால் கன்றை ஆடு தின்றுவிடுமே? நானே ஆட்டுக்காரன், அதனால் கேட்கிறேன்.

ப: ஆட்டுக்காரரே கேட்டது ரொம்ப சந்தோஷம். வேலி வேண்டும். அது உயிர்வேலியாக இருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். உடைமுள்ளை வெட்டி, நான்கு கம்பு ஊன்றி, நெஞ்சளவுக்குச் சுற்றி அடைத்துவிடுங்கள். முள்ளடைப்பு தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, இரண்டு வருஷத்தில் மக்கிப்போகும். அதற்குள் கன்று ஆட்டின் வாய்க்கு மேலே போயிருக்கும்.

வேலிக்கருவை முள்தான் கிடைக்கிறதென்றால் ஒரு விஷயம் கவனியுங்கள்: காய் இல்லாத கொப்பாகப் பாருங்கள். அந்தக் காயை ஆடு ஆசையாகத் தின்னும். விதை வயிற்றில் கெடாமல் புழுக்கையோடு வெளியே வந்து அங்கேயே முளைக்கும். மரத்தைக் காக்கப் போய்த் தெருவையே கருவைக் காடாக்கிவிடக் கூடாது.

வரலாற்று ஆசிரியை, ஸ்ரீவைகுண்டம்

கே: உலகிலேயே பெரிய வேலி எது? மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

ப: நம் நாட்டில்தான் இருந்தது, டீச்சர். உப்புக்கு வரி வாங்குவதற்காக ஆங்கிலேயர் வளர்த்த சுங்க வேலி. சுங்கக் கோடு வடமேற்கே சிந்து நதியில் தொடங்கி மகாநதிப் பக்கம் வரை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீண்டது. அதில் பெரும்பகுதிக்கு வேலி. வரி கட்டாத உப்பு ஒரு மூட்டைகூட உள்ளே போகக் கூடாது என்பதற்காகப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் காவல். 1867-லிருந்து சில ஆண்டுகள் அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் காங்கிரஸைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவராக நீங்கள் பாடத்தில் நடத்துகிற அதே ஹியூம்தான்.

நம் விஷயத்துக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் போட்டது காய்ந்த முள்வேலி. கறையான் அரித்தது, தீப்பிடித்தது, காற்றில் போயிற்று; ஒவ்வொரு ஆண்டும் மலைமலையாக முள் சுமந்து போட வேண்டியிருந்தது. ஹியூம் உயிர்வேலிக்கு மாறினார். அதற்காகக் கரை எடுத்தார், நல்ல மண் கொண்டுவந்து கொட்டினார், தண்ணீருக்கு வழி செய்தார். அந்தந்த மண்ணுக்கு ஏற்றதைப் பார்த்துக் களா, கருவேல், இலந்தை, கள்ளி என்று நட்டார்கள். ஒரு பேரரசின் பணமும் ஆள்பலமும் இருந்தும் முழுக் கோட்டிலும் உயிர்வேலி தேறவில்லை. 1879-ல் சுங்கக் கோட்டையே கைவிட்டார்கள். ஏழைகளின் உப்பைப் பறித்த அந்த வேலி அழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் உயிர்வேலி என்பது சும்மா குத்திவிட்டுப் போகிற காரியமல்ல, தனக்கென்று மண்ணும் நீரும் ஆளும் கேட்கிற தனிப் பயிர் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை வேறில்லை. பிள்ளைகளுக்கு உப்பு வரியின் கொடுமையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கொடிக்கால்காரர், ஆத்தூர்

கே: எங்கள் கொடிக்காலில் அகத்தியும் வெற்றிலைக் கொடியும் ஒரே பாத்தியில்தான் நிற்கின்றன. அங்கே போட்டி இல்லையே? தெருமரத்துக்கு மட்டும் என்ன?

ப: இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலையின் ஊரிலிருந்து வந்ததால் மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

நீங்கள் அகத்தியையும் கொடியையும் ஒரே நாளில் நடுகிறீர்களா? இல்லை. அகத்தியை முதலில் விதைத்து, அது தலையெடுத்த பிறகுதான் கொடியை ஊன்றுகிறீர்கள். அகத்தி வேகமாக வளரும் சாதி. வேர் முடிச்சால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்ப்பது. அதன் உச்சியைக் கிள்ளி, கொப்பைக் கழித்து, நிழலைக் கொடிக்கு வேண்டிய அளவில் வைத்திருக்கிறீர்கள். வாய்க்கால் தண்ணீர் தவறாமல் பாய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் ஓர் ஆள் உள்ளே நடமாடுகிறார். தெருமரத்துக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. கொடிக்காலைப் பார்த்து ‘ரெண்டையும் சேர்த்து நடலாம்’ என்று எடுத்துக்கொள்வதைவிட, ‘முதலில் மரம், பிறகு மற்றது’ என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. ஆத்தூர்க்காரர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த இந்த வரிசையைத்தான் நான் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர், நாசரேத்

கே: மூன்று வருஷம் கழித்து என்ன செடி வைக்கலாம்?

ப: மரத்தைச் சுற்றி வளையமாக வேண்டாம். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள இடத்தில் சாலைக்கு இணையாக வரிசையாக வையுங்கள். தண்டிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி.

நல்ல வெயில் படும் இடமென்றால் நொச்சி, மருதாணி, களா. மரம் நிழல் கட்டிவிட்ட இடமென்றால் ஆடாதொடை, நந்தியாவட்டை, இட்லிப்பூ. ஆட்டுத் தொல்லை உள்ள இடத்தில் நொச்சியும் ஆடாதொடையும் போதும். ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். உங்கள் பக்கத்துத் தேரி மணலுக்குக் கிளுவையைவிட நல்ல வேலி எனக்குத் தெரியாது. போத்து வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், தண்ணீருக்கு அழாது. நம் தோட்டங்களின் பழைய வேலிகளில் நின்றதெல்லாம் இவைதாம். கம்பிவேலி வந்து அவற்றை ஒழித்தது. கிளுவை வேலியோடு போனவை ஓணானும் தேன்சிட்டும் செம்போத்தும். அவை திரும்பி வர வேண்டும் என்கிற ஆசையும் இந்தப் பதிலில் இருக்கிறது.

மாணவர், கருங்குளம்

கே: நான்குவழிச் சாலையின் நடுவில் அரளி பூத்துக் கிடக்கிறதே, அதையே தெருவிலும் வைத்தால் என்ன?

ப: நெடுஞ்சாலை நடுவில் அரளிக்கு வேலை உண்டு, தம்பி: எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைப்பது. மாடு தின்னாது, வறட்சி தாங்கும். தெருவில் குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில், இலையிலும் பூவிலும் தண்டிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ள செடி எதற்கு?

நாற்றுப்பண்ணை வாடிக்கையாளர், திருச்செந்தூர்

கே: கடையில் கோனோகார்பஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆறே மாதத்தில் சுவர்போல நிற்குமாம்.

ப: நிற்கும். அப்புறம் நீங்கள் அதை நிறுத்த முடியாது. குஜராத் அரசு 2023-லேயே அதை நடுவதற்குத் தடை போட்டுவிட்டது. தமிழ்நாடு அரசும் பின்னர் நட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தண்ணீரைத் தேடி ஓடும் வேர் குழாயையும் சாக்கடையையும் விடாது என்பதும், மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்பதும் அதன் மேலுள்ள புகார்கள்.

வேகமாக வளரும் வெளியூர் வேலிச்செடி என்றாலே நம் மாகாணத்துக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. சப்பாத்திக்கள்ளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, வேலிக்கு ஆகும் என்று ஊன்றப்பட்டு, வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலத்தையும் புஞ்சையையும் விழுங்கியது. வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடி. எரித்துப் பார்த்தார்கள், புதைத்துப் பார்த்தார்கள். கடைசியில் 1926-ல் இலங்கை வழியாகக் கொண்டுவந்த கோச்சினீல் இனப் பூச்சிதான் அதன் சாற்றை உறிஞ்சி அடக்கியது. வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு, நசுக்கினால் சிவப்பாக வரும் அந்தப் பூச்சியைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். உண்ணிச்செடியும் இப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் யானைக்கும் மானுக்கும் புல் முளைக்க விடாமல் அடர்ந்து கிடக்கிறது. ஆறு மாத அவசரத்துக்காக நூறு வருஷத் தொல்லையை விலைக்கு வாங்காதீர்கள். களா மூன்று வருஷம் எடுக்கும். எடுக்கட்டும், காய் ஊறுகாய்க்கு ஆகும்.

கோயில் கைங்கரியம் செய்பவர், ஆழ்வார்திருநகரி

கே: மாட வீதிகளில் மரமும் வேலியும் வைக்க இளைஞர்கள் கேட்கிறார்கள். உங்கள் கருத்து?

ப: வைகாசித் திருவிழாவில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் கருட வாகனத்தில் எழுந்தருளும் வீதிகள் அவை. அன்றைக்கு வரும் கூட்டத்தில் முழங்கால் உயர வேலி இருந்தால் வயதானவர்களும் குழந்தைகளும் தடுக்கி விழுவார்கள். அகன்ற கிளை விடும் மரமும் வாகனத்தின் குடைக்கு இடைஞ்சல். அந்த வீதிகளை அவற்றின் வேலைக்கே விட்டுவிடுவது நல்லது.

இளைஞர்களின் ஆர்வத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பள்ளிச் சுவர் ஓரம், ரயில் நிலையச் சாலை, வாய்க்கால் கரை, ஆற்றுக்குப் போகும் பாதை என்று நிழல் இல்லாத இடம் ஊரில் நிறைய இருக்கிறது. ஆற்றங்கரைக்கு மருது வைக்கச் சொல்லுங்கள்; தாமிரபரணியின் சொந்த மரம் அது.

பக்தை, சென்னை

கே: உறங்காப்புளிக்கு யார் வேலி போட்டார்கள்? அது தானாகத்தானே நிற்கிறது?

ப: ஆதிநாதர் கோயிலுக்குள் இருக்கும் அந்தப் புளி தானாக நிற்கவில்லை, அம்மா. நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் அதன் பொந்தில் யோகத்தில் இருந்தார் என்பதும் இரவிலும் அதன் இலை கூம்புவதில்லை என்பதும் ஊரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை கல்மேடை கட்டியது, மதில் எழுப்பியது, தலைமுறை தலைமுறையாக ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. ஆடு ஏறுவதில்லை, வண்டி இடிப்பதில்லை, ஆணி அடிப்பாரில்லை. தெருவில் நிற்கும் புளிக்கு இதில் பத்தில் ஒரு பங்கு கவனம் கிடைத்தால்கூடப் போதும் என்று ஒவ்வொரு முறை அந்தப் பிராகாரத்தைச் சுற்றும்போதும் எனக்குத் தோன்றும்.

பெயர் வேண்டாம், ஏரல்

கே: வேலி வைத்தால் பாம்பு வருமா?

ப: அடிவரை அடர்ந்து, குப்பையும் சேர்ந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வேலியின் அடியில் ஒரு முழம் உயரத்துக்குக் கொப்பைக் கழித்து, வெளிச்சம் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கழிவைக் கொட்டாதீர்கள். தெருமுனையில் வேலியை முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். பாம்பைவிட அங்கே மோட்டார் சைக்கிள் ஆபத்து.

பொறியியல் பட்டதாரி, பாளையங்கோட்டை

கே: ராணி மங்கம்மாள் காலத்துச் சாலை மரங்கள் யாரும் பார்க்காமலேயே ஓங்கி வளர்ந்தனவே?

ப: 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட மங்கம்மாள் சாலை போட்டதும் சத்திரம் கட்டியதும் நிழல்மரம் வைத்ததும் இன்றும் ஊர் சொல்லும் புகழ். அந்தச் சாலை மண்சாலை. மரத்தின் வேர் கிளைப்பரப்பைத் தாண்டி இரண்டு மடங்கு தூரம்கூட ஓடும். அதற்கு இருபுறமும் திறந்த மண் இருந்தது, பெய்த மழையெல்லாம் உள்ளே இறங்கியது. இன்று ஒரு பக்கம் தார், மறுபக்கம் கான்கிரீட் ஓடை, நடுவில் ஒரு சதுர மீட்டர் மண். டெல்லியில் மரங்களின் கழுத்துவரை சிமெண்ட் பூசிக்கொண்டே போனதைப் பார்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி ஆணையிட்டது. வழக்குப் போட்டு வாங்க வேண்டியிருந்த அந்த ஒரு மீட்டரையும் நாமே பத்து வேலிச்செடிக்குத் தூக்கிக் கொடுக்கலாமா? பொறியியல் படித்தவர் நீங்கள். ஓடை கட்டும்போதே மரத்துக்கு எவ்வளவு மண் விட வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுங்கள். உங்களால் முடியும்.

வெள்ளத்தில் வீட்டை இழந்தவர், ஸ்ரீவைகுண்டம் வட்டம்

கே: 2023 வெள்ளத்தில் சாலையோரம் முழுதும் அரித்துப் போயிற்று. வேலி இருந்திருந்தால் மண் நின்றிருக்குமா?

ப: உங்கள் இழப்புக்கு முன்னால் செடி பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. கேட்டதால் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. இந்த மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகம். செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு நின்றுவிட்டதே, அந்த மழை. சாலையையே தூக்கிக்கொண்டு போன தண்ணீருக்கு முன்னால் எந்த வேலியும் நிற்காது.

சாதாரண மழைக்கு விஷயம் வேறு. சாலைக்கரைச் சரிவிலும் வாய்க்கால் கரையிலும் நொச்சியும் வெட்டிவேரும் மண்ணை நன்றாகப் பிடிக்கும். மூன்று வருஷக் கணக்கு அங்கே பொருந்தாது, இன்றைக்கே நடலாம். சரிவில் தேவைப்படுவது வேர், எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. ஓடையின் வாயை மட்டும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மாணவி, ஆழ்வார்திருநகரி

கே: எங்கள் பள்ளியில் விழா வைத்து மரம் நட்டோம். போன வருஷம் நட்ட அதே குழியில்தான் இந்த வருஷமும் நட்டோம். ஏன் சார் அப்படி?

ப: போன வருஷக் கன்று செத்துப்போனதால், கண்ணு. நட்டது எத்தனை என்று எல்லாரும் எழுதிவைக்கிறார்கள். அடுத்த ஆடியில் உயிரோடு நிற்பது எத்தனை என்றும் யாராவது எழுத வேண்டும். அந்த வேலையை உங்கள் வகுப்பு எடுத்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டின் காடும் மரமுமான பரப்பை 33 சதவீதமாக்குவோம் என்று 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் உன் கன்றும் சேர வேண்டுமென்றால் கோடையில் வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். பரீட்சை லீவில் யார் ஊற்றுவது என்பதை ஏப்ரலுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பள்ளிக்கூடக் கன்றுகள் சாவது மே மாதத்தில்தான்.

அதே தபால்காரர், நாசரேத்

கே: இன்னொரு கேள்வி. போத்து எப்போது ஊன்றலாம்?

ப: ஐப்பசியில், முதல் நல்ல மழை இறங்கி மண் ஒரு முழம் நனைந்த பிறகு. பெருவிரல் கனமுள்ள கொப்பு, ஒன்றரை முழ நீளம். அடியைச் சாய்வாக வெட்டுங்கள், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். தலைகீழாக ஊன்றிவிடாதீர்கள், வெட்டும்போதே மேல்நுனியில் சுண்ணாம்பு தொட்டு வையுங்கள். கிளுவைப் போத்து தேரிப் பக்கத்துப் பழைய தோட்ட வேலிகளில் கிடைக்கும். வேலிக்காரரிடம் கேட்டு வெட்டுங்கள்.